வாண்டு இணைப்பில் இருக்கிறான்

மனைவி: வந்துச்சா?

கணவன்: எது?

மனைவி: நாலு நம்பர். புது நெட் கம்பெனிக்காரங்க உங்க போனுக்கு அனுப்பியிருக்காங்க. வாசிங்க, நான் இதுல போடணும்.

கணவன்: ஒண்ணும் வரலையே.

மனைவி: டிங்னு சத்தம் கேட்டுச்சே.

கணவன்: அது... என் வயித்துச் சத்தம்.

மனைவி: உங்க வயிறு எப்பலேர்ந்து மணி அடிக்குது? காட்டுங்க போனை.

கணவன்: ஏம்மா, ஞாயித்துக்கிழமை காலையில மனுஷனை நிம்மதியா உக்கார விடமாட்டியா? ஆறு நாளும் லிஃப்ட்டுக்கு அடியில குழிக்குள்ள உக்காந்து நட்டு முடுக்கறேன். ஏழாவது நாளு சோஃபாவுல உக்காந்தா...

மனைவி: உக்காருங்க. யாரு வேண்டாம்னா? உக்காந்துகிட்டே வாசிங்க. எழுந்து நின்னு வாசிக்கச் சொல்லலையே.

கணவன்: இப்ப இருக்கிற கம்பெனிக்கு என்ன குறைச்சல்?

மனைவி: என்ன குறைச்சலா! இங்க வாங்க. இந்தப் படத்தைப் பாருங்க. யாரு இது?

கணவன்: நீதான்.

மனைவி: எப்படி இருக்கேன்?

கணவன்: வாயைப் பொளந்துகிட்டு... ஒரு கண்ணை மூடிகிட்டு... இல்லம்மா, ஒரு விதத்துல நல்லாத்தான் இருக்கு.

மனைவி: வெள்ளிக்கிழமை ஆன்லைன் வகுப்புல பின்னம் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கேன். கீழ இருக்கிற எண்ணைப் பாருங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன், நெட் நின்னுடுச்சு. பதினாலு பிள்ளைங்க முன்னாடி நாலு நிமிஷம் அப்படியே வாயைத் திறந்துகிட்டு இருந்திருக்கேன். ஒருத்தன் அதைப் பிடிச்சு ஸ்டிக்கரா மாத்திட்டான். இப்ப அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல எவனுக்குத் தூக்கம் வந்தாலும் என் மூஞ்சியைத்தான் அனுப்பறாங்களாம்.

கணவன்: ஊரே பேசற டீச்சர் ஆயிட்டேன்னு சொல்லு.

மனைவி: சிரிக்காதீங்க. ரெண்டு பிள்ளைங்க நின்னுட்டாங்க. வேற டீச்சர்கிட்ட சேத்துட்டோம், அவங்க படம் நடுவுல நிக்காதுன்னு அம்மாக்காரியே போன் பண்ணிச் சொல்றா.

கணவன்: நான் சிரிக்கலைம்மா. பல்லு வலி. அதான் வாய் அப்படிக் கோணுது.

மனைவி: பல்லு வலிக்கு டாக்டர் மேல் மாடியிலேயே இருக்காரு. படி ஏறினா போதும்.

கணவன்: அந்தப் பேச்சு வேண்டாம்.

மனைவி: வேண்டாம்னா வேண்டாம். நீங்க ஒரு பக்கமாவே மென்னு தின்னுங்க. இந்த வருஷம் இடது பக்கம், அடுத்த வருஷம் வலது பக்கம். நம்பரைச் சொல்லுங்க.

கணவன்: அவசரப்படாத. யோசிச்சுப் பாரு. கேபிளும் சேத்துத்தானே மாறும்? என் சேனலெல்லாம் என்ன ஆவுறது? முந்நூத்திப் பன்னெண்டு போட்டா மிருகங்க வரும். கண்ணை மூடிகிட்டே போடுவேன்.

மனைவி: அங்கேயும் அதே மிருகங்கதான் வருது. நம்பர் வேற, புலி அதே புலி. நான் கேட்டுட்டேன்.

கணவன்: புலியைப் பத்தியா கேட்ட?

மனைவி: உங்களைத் தெரியாதா எனக்கு? முதல் கேள்வியே அதுதான். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டா.

கணவன்: சரி, ரிப்பேர்னா? இப்ப இருக்கிறவங்களுக்குப் போன் போட்டா அந்த அம்மா குரல் எவ்வளவு பதமா சொல்லும்... உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்னு. இந்த வீட்டுல யாராவது என்கிட்ட அப்படிச் சொன்னதுண்டா?

மனைவி: அது ரெக்கார்ட் பண்ணின குரல்.

கணவன்: இருக்கட்டுமே. சொல்லுதில்ல?

மனைவி: போன வாரம் அந்த அம்மாகிட்டதானே கத்தினீங்க? கம்பெனியை இழுத்து மூடிட்டு வேற வேலை பாருங்கன்னு. தெருவுல போனவங்க நின்னு கேட்டுட்டுப் போனாங்க.

கணவன்: அது உரிமையில கத்தினது. பன்னெண்டு வருஷப் பழக்கம். புதுக் கம்பெனிக்காரன்கிட்ட எடுத்த எடுப்புல அப்படிக் கத்த முடியுமா? கூச்சமா இருக்காது?

மனைவி: ஐயோ... உங்களோட பேசி ஜெயிக்க என்னால ஆகாது. போச்சு, பத்து நிமிஷம் முடிஞ்சுடுச்சு. அந்த நம்பர் இனி செல்லாது.

கணவன்: அடடா. விடு, அடுத்த வாரம் பாக்கலாம்.

மனைவி: மறுபடி அனுப்புன்னு ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கிட்டேன்.

கணவன்: அதுக்குள்ளேயா?

மனைவி: டிங்! கேட்டுச்சு. உங்க வயிறு நல்லா வேலை செய்யுது. குடுங்க போனை.

கணவன்: ஏய்... ஏய், பிடுங்காத! அதுல ஆபீஸ் விஷயமெல்லாம் இருக்கு!

மனைவி: லிஃப்ட்டுல என்னங்க ரகசியம்? எத்தனாவது மாடின்னா? என்ன இது... பழைய கம்பெனியோட பக்கத்தைத் திறந்து வச்சிருக்கீங்க? நம்ம லைன்ல யார் யார் இருக்காங்கன்னு பட்டியல் போட்டுக் காட்டுது. டீச்சரம்மா, அது நான். பெரியவர், அது நீங்க. லேப்டாப். டிவி. அஞ்சாவதா... வாண்டு இணைப்பில் உள்ளது.

கணவன்: குடும்மா...

மனைவி: யாருங்க இந்த வாண்டு?

கணவன்: யாரோ... அக்கம்பக்கத்துப் பையன் எவனாவது திருட்டுத்தனமா...

மனைவி: அக்கம்பக்கத்துப் பையனுக்கு நாப்பத்தி மூணு வயசு. பல்லைப் பிடுங்கறது தொழில். உங்க கூடப் பொறந்தவர்.

கணவன்: தெரிஞ்சுகிட்டே கேக்கறியா?

மனைவி: தெரியாமத்தான் இருபத்தி ரெண்டு வருஷமா உங்களோட குடும்பம் நடத்தறேனா? வாண்டுன்னு அவரைக் கூப்பிடற ஆளு உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான். மேல இருக்கிறவரோட பேச்சு கிடையாது, ஆனா போன்ல பேர் போட்டு வச்சிருக்கீங்க.

கணவன்: அடையாளத்துக்கு வச்சேன்.

மனைவி: தினம் சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூடக் கழட்டாம போனை முறைச்சுகிட்டு உக்காந்திருக்கீங்களே, இதுதானா?

கணவன்: ...ஏழு இருபது.

மனைவி: என்ன ஏழு இருபது?

கணவன்: கிளினிக்கை மூடிட்டு அவன் படி ஏறுற நேரம். வாண்டு இணைப்பில் உள்ளதுன்னு வரும். வந்துட்டான், சரின்னு அப்புறம் போய்க் குளிப்பேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.

மனைவி: அவ்வளவுதானா?

கணவன்: மேல மூணு பிள்ளைங்க ஓயாம குதிக்குது. அதுக்கு நடுவுல அவன் வந்த சத்தம் எங்க கேக்குது? ஒருநாள் நல்ல மழை. எட்டு ஆச்சு, வாண்டு வரல. எட்டரை ஆச்சு. எனக்கு இருப்புக் கொள்ளல. குடையை எடுத்துட்டுக் கிளினிக் வரைக்கும் போயிட்டேன்.

மனைவி: டார்ச்சுக்கு பேட்டரி வாங்கப் போறேன்னு போனீங்களே, அன்னிக்கா?

கணவன்: ம்.

மனைவி: அதான் பேட்டரி இல்லாம வந்தீங்க! கடை மூடிட்டான்னு என்னமா ஒரு பொய்!

கணவன்: கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தேன். ஒரு குழந்தை நாற்காலியில உக்காந்துகிட்டு வாயைத் திறக்கமாட்டேன்னு அடம் பிடிக்குது. இவன் தரையில மண்டி போட்டு அதுகிட்ட கெஞ்சிட்டு இருக்கான். நல்லாத்தான் இருக்கான்னு திரும்பிட்டேன்.

மனைவி: உள்ள போயிருக்கலாமில்ல?

கணவன்: எந்த மூஞ்சியை வச்சுகிட்டு? அன்னிக்கு என்ன பேசினேன்னு உனக்கே தெரியும். இறுதிப் போட்டி, கடைசிப் பத்து நிமிஷம். மாமனார் மாமியார் வந்திருக்காங்கன்னு இவன் சுவத்துல அலமாரி மாட்டக் கிளம்பி, நம்ம கேபிள் வயர்ல டிரில்லை விட்டுட்டான். டிவி இருட்டாயிடுச்சு. ஓடினேன் மேல. பல்லுல ஓட்டை போடத் தெரிஞ்சவனுக்குச் சுவத்துல என்னடா வேலைன்னு... அவன் மாமனார் முன்னாடி.

மனைவி: அவரும் சும்மா இருக்கல. பெட்டிக்குள்ள ஆளை ஏத்தி இறக்கறவன்தானே நீன்னு சொன்னாரு.

கணவன்: நான் சொன்னதுக்குத்தானே சொன்னான்? ஆரம்பிச்சது நான். தப்பு என்மேலதான். ஆனா போய் நின்னு அதைச் சொல்ல... வாய் வரமாட்டேங்குது. பதினோரு மாசம் ஓடிப்போச்சு.

மனைவி: ம்ம்.

கணவன்: இப்ப நீ கம்பெனியை மாத்தற. லைன் பேரு மாறும், பாஸ்வேர்ட் மாறும். அவன் இறங்கி வந்து கேப்பானா? மாட்டான். நான் ஏறிப் போய்க் குடுப்பேனா? அதுவும் நடக்காது. ஒட்டிகிட்டு இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் அறுத்துடச் சொல்றியா?

மனைவி: முதல்லேயே இதைச் சொல்றதுக்கென்ன? புலி, ரெக்கார்ட் அம்மான்னு சுத்தி வளைச்சு...

கணவன்: அதோட அவன் நெட் இல்லாம என்ன பண்ணுவான் பாவம்? தனக்குன்னு ஒரு லைன் வாங்கிப் போட்டுக்கத் துப்பு இல்லாதவன். எப்பவும் அப்படித்தான். நான்தான் எல்லாம் பாக்கணும்.

மனைவி: அ... ஆமாமா. பாவம்தான்.

கணவன்: என்ன அப்படி இழுக்கற?

மனைவி: ஒண்ணுமில்லையே. ஐயையோ, பாருங்க, மறுபடி நெட் சுத்துது. இருங்க, ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுட்டுப் போடறேன்.

கணவன்: சரி, சீக்கிரம் போடு.

மனைவி: அணைச்சுட்டேன்.

கணவன்: போடு.

மனைவி: கொஞ்சம் ஆறட்டும்.

கணவன்: அது என்ன காபியா? போடும்மா. அவன் இப்ப மேலதான் இருக்கான், ஏதாவது முக்கியமாப் பாத்துட்டு இருப்பான்.

மனைவி: பாத்துட்டு இருக்காரான்னுதான் நானும் பாக்கறேன்.

கணவன்: என்ன உளர்ற? நகரு, நான் போடறேன்.

மனைவி: வயரை எங்கிட்டதான் வச்சிருக்கேன். வாங்கிக்கோங்க பாப்போம்.

கணவன்: ஏய், விளையாடாத! ரெண்டு நிமிஷம் ஆச்சு...

மனைவி: உஷ்! படியில யாரோ ஓடி வர்ற மாதிரி இல்ல? கதவு திறந்துதான் இருக்கு, வாங்க!

தம்பி: அண்ணி...

மனைவி: வாங்க வாங்க, கொழுந்தனாரே. என்ன கோலம் இது? பாதி மூஞ்சி பளபளன்னு இருக்கு, மீதி பாதியில நுரை.

தம்பி: ஷேவ் பண்ணிட்டு இருந்தேன்... அண்ணன் இருக்காரா?

கணவன்: இல்லைன்னு சொல்லு.

மனைவி: இல்லையாம். அவரே சொல்றாரு.

தம்பி: உடம்பு கிடம்பு நல்லாதானே இருக்காரு?

கணவன்: கல்லு மாதிரி இருக்காராம்னு சொல்லு.

தம்பி: கன்னம் வீங்கியிருக்கே அண்ணி. எத்தனை நாளா?

கணவன்: அது கொழுப்புன்னு சொல்லு.

தம்பி: வலது பக்கம் மட்டும் கொழுப்பு ஏறாதுன்னு சொல்லுங்க அண்ணி. கடைவாய்ப் பல்லு. விட்டா சீழ் வைக்கும்.

மனைவி: நிறுத்துங்க ரெண்டு பேரும்! ரெண்டு அடி தூரத்துல நின்னுகிட்டு... நான் என்ன உங்க நடுவுல இருக்கிற ரவுட்டரா? உங்ககிட்ட வாங்கி அவருக்குக் குடுத்து, அவர்கிட்ட வாங்கி உங்களுக்குக் குடுத்து... முதல்ல உக்காருங்க தம்பி. என்ன இப்படி ஓடி வந்தீங்க?

தம்பி: அது... கரண்ட் போயிடுச்சான்னு பாக்க வந்தேன்.

மனைவி: மேல உங்க பிள்ளைங்க டிவி பாக்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. தலைக்கு மேல ஃபேன் ஓடுது. கரண்ட் எங்க போச்சு?

தம்பி: அப்ப தண்ணி...

கணவன்: நெட்டுன்னு சொல்லச் சொல்லு! எனக்குத் தெரியாதா? பதினோரு மாசமா எட்டிப் பாக்கல. நான் பல்லு வலியில துடிச்சாலும் வரமாட்டான். நெட்டு நின்னா ரெண்டே நிமிஷத்துல நுரையோட வந்து நிப்பான். நல்ல பாசம்.

தம்பி: நெட்டுக்காக வரலைன்னு சொல்லுங்க அண்ணி.

கணவன்: வேற எதுக்கு வந்தானாம்? போட்டுக் குடு அந்த வயரை. நெட்டை வாங்கிட்டுப் போகட்டும்.

மனைவி: அவருக்கு நம்ம நெட்டு தேவையே இல்லைங்க. ஆறு மாசமா மேல தனி லைன் ஓடுது. நான் மாறணும்னு சொல்றேனே, அதே கம்பெனி.

தம்பி: அண்ணி! சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்களே!

மனைவி: உங்க பொண்டாட்டிகிட்ட பண்ணினேன். மொட்டை மாடியில துணி காயப்போடும்போது பண்ற சத்தியமெல்லாம் துணி காயற வரைக்கும்தான்.

கணவன்: என்னது... தனி லைனா? ஆறு மாசமாவா?

தம்பி: அது வந்து அண்ணி...

கணவன்: இங்க என்னைப் பாத்துச் சொல்லுடா.

தம்பி: ஆமாண்ணா.

மனைவி: அப்பாடா! டா போட்டாச்சு, அண்ணாவும் வந்தாச்சு. இனி எனக்கு இங்க வேலை இல்ல.

கணவன்: நீ சும்மா இரு. எப்படிடா வருது அந்த லைன்?

தம்பி: பறக்குதுண்ணா. மூணு பிள்ளைங்களும் ஒரே நேரத்துல மூணு படம் பாக்குதுங்க. ஒரு தடவைகூட நின்னதில்ல.

கணவன்: அப்படியா... சரி. நல்லது. நான்தான் முட்டாள். நம்ம நெட்டுலதான் அவன் பொழுது போகுதுன்னு நினைச்சுகிட்டு... இவகூட மல்லுக்கு நின்னுகிட்டு... எழுதிக்கோம்மா நம்பரை. ஏழு, ரெண்டு...

மனைவி: இருங்க, இருங்க. நம்பர் எங்கேயும் ஓடிடாது. ஒண்ணு யோசிச்சீங்களா? மேல அவங்க லைன் பறக்குது. அப்ப நான் இங்க வயரைப் பிடுங்கினது இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?

கணவன்: ...ஆமா. எப்படிடா தெரிஞ்சுது? தினம் ஏழு இருபதுக்கு வேற இந்த நத்தையை வந்து பிடிச்சுக்கறியே, எதுக்குடா?

தம்பி: அந்த லைன் வீட்டுக்குண்ணா. என் போன்ல நான் அதைப் போடவே இல்ல. அவ தினம் திட்டுவா. கிளினிக்லேர்ந்து வந்து படியில கால் வச்சதும் போன் தானா உன் லைனைப் பிடிக்கும். பிடிச்சுதுன்னா... அண்ணன் இன்னிக்கும் பாஸ்வேர்டை மாத்தலைன்னு ஒரு நிம்மதி. கோபம் இருந்தாலும் என்னை வெளிய தள்ளலைன்னு நினைச்சுகிட்டு மேல போய்ச் சாப்பிடுவேன். இப்ப ஷேவ் பண்ணும்போது போனைப் பாத்தேன்... உன் லைனைக் காணோம். அவ்வளவுதான், அண்ணன் என்னை விட்டுட்டாருன்னு நினைச்சுட்டேண்ணா.